பச்சை இல்லாத பக்கம்

ரத்தினம்மா கயிற்றைக் கையில் இன்னொரு சுற்றுச் சுற்றி இழுத்தாள். செவலைப் பசு பச்சையைப் பார்த்துவிட்டது.

அறுத்து முடித்த சோளக்கொல்லை அது. பங்குனியில் கட்டாந்தரையாகக் கிடக்க வேண்டியது. இந்த வருஷம் வானத்துக்குப் புத்தி பிசகிவிட்டது. மாசியில் கொட்டித் தீர்த்த மழையில் ஊரிலிருந்த வைக்கோல் போரெல்லாம் ஊறிக் கறுத்துப் பூஞ்சை பிடித்தது. பிறகு ஒரு சொட்டு இல்லை, ஒரே வெயில். அறுத்த கட்டைகளில் துளிர்த்த சோளக் குருத்து மட்டும் வாடி வதங்கி, ஆனாலும் பச்சையாக நின்றது.

பசித்த மாட்டுக்கு வேறென்ன வேண்டும்?

கொல்லை ஓரத்தில் பூதிகோட்டை முனியப்பனின் காளை கிடந்தது. நாலு வாய்தான் மேய்ந்ததாம். ஏர் இழுக்கிற காளை, நடுங்கி விழுந்து அங்கேயே முடிந்துவிட்டது. முனியப்பன் அதன் தலைமாட்டில் உட்கார்ந்திருந்தான். காளையின் வாயிலிருந்து கெட்டுப்போன வாதாங்கொட்டை வாசனை வந்தது.

"இந்தப் பக்கமே வராதம்மா. வெயில்ல வதங்குன குருத்துல விஷம் ஏறிடும். பச்சை இல்லாத பக்கமா ஓட்டிக்கினு போ" என்றான்.

அவள் செவலையைக் கொல்லையைவிட்டுத் தள்ளி இழுத்தாள். குளிர்காய்ச்சலில் அவளுக்குப் பால் வற்றிப் போனபிறகு, இடுப்பில் இருக்கும் குழந்தைக்குச் செவலைதான் தாய்.

ஏரிக்குப் போகும் வழி முழுக்கச் சோளக்கொல்லை. அதனால் தங்கச் சுரங்கத்து மணல்மேட்டுப் பக்கம் திரும்பினாள். தலையில் ஆலந்தழைக் கட்டு இருந்தது. தீனிக்குக் கவலை இல்லை. தண்ணீர்தான் வேண்டும்.

மில்லில் கல்லை இடித்துப் பொன்னை எடுத்தபின் மிச்ச மணலை அங்கேதான் கொட்டுவார்கள். அவள் புருஷன் கோவிந்தனுக்கு அந்த மில்லில்தான் வேலை. மணலில் ஒட்டிய பொன்னையும் கரைத்து எடுக்க இப்போது ஏதோ வெள்ளை மருந்து வந்திருக்கிறதாம். துரைமார் அதைப் பொன்னைவிடப் பத்திரமாகப் பூட்டி வைக்கிறார்கள் என்று சொல்லிச் சிரிப்பான்.

மேட்டில் ஒரு புல் கிடையாது. அதைப் பார்த்ததும் அவளுக்கு நிம்மதியாக இருந்தது.

மேட்டடியில் கசிந்து தேங்கியிருந்தது தண்ணீர். அத்தனை தெளிவான தண்ணீரை அவள் இந்த ஊரில் பார்த்ததே இல்லை. பாசி இல்லை. கொசு இல்லை. ஏரிச் சேற்றில் தொண்டை கிழியக் கத்தும் தவளைகளில் ஒன்றுகூட இங்கே இல்லை. குருவிகளும் தள்ளியே பறந்தன.

அந்த அமைதி அவளை என்னவோ செய்தது. ஆனால் செவலை தாகத்தில் இழுத்தது.

"குடி. இங்க உன்னை ஒண்ணும் பண்ணாது" என்று கயிற்றை விட்டாள்.

உறிஞ்சிக் குடிக்கும் சத்தம் மட்டும் கேட்டது. அவளுக்குச் சந்தோஷத்தில் அழுகை வந்தது. மாடு பிழைத்தது, குழந்தையும் பிழைத்தது.

குழந்தைக்கும் நா வறண்டிருந்தது. குனிந்து ஒரு கை அள்ளி அதன் வாயருகே கொண்டுபோனாள்.

கெட்டுப்போன வாதாங்கொட்டை வாசனை.

கை அப்படியே நின்றது. சுற்றிலும் பார்த்தாள். மில்லில் மருந்து ஊற்றிக் கழுவிய மணல்தான். கண்ணுக்கெட்டிய வரை ஒரு சோளக் குருத்துகூட இல்லை.

செவலையின் கழுத்துமணி அவசரமாகக் குலுங்கி நின்றது.

குழந்தை இன்னும் வாயைத் திறந்தபடியே இருந்தது.