பக்கத்திலேயே இருப்பேன்

"இந்த லைட் இப்படி இருந்தா வயித்துக்குள்ள என்ன தெரியும்? கொஞ்சம் இடது பக்கம் தள்ளுங்க."

ஆபரேஷன் தியேட்டருக்குள் நுழைந்ததுமே பெரியவர் ஆரம்பித்துவிட்டார். அந்த ஆஸ்பத்திரியின் தலைமை அறுவை மருத்துவர் அவர். ஒவ்வொன்றிலும் ஒரு குறை கண்டுபிடிக்காமல் எந்த ஆபரேஷனையும் அவர் தொடங்கவிட்டதில்லை. நர்ஸ் அக்கா விளக்கை நகர்த்தினார். போதாது என்றார். இன்னும் நகர்த்தியதும், முதலில் இருந்ததே பரவாயில்லை என்றார்.

சின்ன டாக்டர் கையுறையை இன்னொரு முறை இழுத்துவிட்டுக்கொண்டாள். இன்று கத்தியைப் பிடிக்கப் போகிறவள் அவள்தான். மற்ற அறுவை மருத்துவர்களைத் தொற்று ஒருவர் பின் ஒருவராகப் படுக்கையில் தள்ளிவிட்டது. நோயாளிக்கோ குடல்வால் வீங்கி, எந்த நேரமும் வெடிக்கலாம் என்ற நிலை. வெடித்துச் சீழ் பரவினால் உயிருக்கே ஆபத்து. வேறு ஆஸ்பத்திரிக்கு அனுப்பலாமென்றால் எங்கும் ஒரு கட்டில்கூடக் காலியில்லை.

வயிற்றில் துளை போட்டு, கேமரா விட்டுச் செய்வதென்றால் அவள் கில்லாடி. அப்படிச் செய்தால் உள்ளே செலுத்துகிற காற்றோடு கிருமியும் வெளியே வரும் என்ற பயத்தில், தொற்று அடங்கும்வரை அதற்குத் தடை போட்டிருந்தார்கள். பழையபடி வயிற்றைக் கிழித்துத்தான் ஆக வேண்டும். அதைப் பெரியவர் செய்யும்போது எதிரில் நின்று உதவியிருக்கிறாளே தவிர, அவள் தனியாகச் செய்ததே இல்லை.

"சார், பக்கத்து ஊர் டாக்டரைக் கூப்பிட்டுப் பாக்கலாமா?"

"அவரும் காய்ச்சல்ல படுத்துட்டாரு. நீதாம்மா பண்ணணும். நான் எங்க போகப் போறேன், பக்கத்துலயேதானே இருக்கப் போறேன்."

அவளுடைய பயமே அதுதான். பெரியவர் பக்கத்தில் இருந்தால் ஊசியில் நூல் கோர்க்கவே அவளுக்கு நாலு தடவை ஆகும்.

பெரியவரைத் தவிர எல்லாரும் கவச உடைக்குள் வெந்துகொண்டிருந்தார்கள். ஏசியையும் நிறுத்தியாயிற்று. ஆள் அடையாளம் தெரிவதற்காக நெஞ்சில் மார்க்கரால் எழுதிக்கொள்ளும் வழக்கம் வந்திருந்தது. அவசரத்தில் உடை மாறிப்போய், மீசை வைத்த மயக்க மருந்து டாக்டரின் நெஞ்சில் 'நர்ஸ் அக்கா' என்று இருந்தது. அதைத் திருத்த யாருக்கும் நேரமில்லை.

கொஞ்ச நேரத்துக்கு முன்னால் நோயாளியின் மனைவி போனில் பேசியிருந்தார். துணைக்கு யாரையும் உள்ளே விடக் கூடாது என்பதால் பாவம், வீட்டிலேயே உட்கார்ந்து தவித்துக்கொண்டிருந்தார். வந்த வலியை வாயுத் தொல்லை என்று சொல்லி, மாத்திரை போட்டே மறைத்துவிட்டாராம் அந்த மனுஷன். கணவரை ஒரு பாட்டம் திட்டித் தீர்த்தபின் அவர் குரல் உடைந்துவிட்டது.

"பிடிவாதக்காரரும்மா. யார் சொன்னாலும் கேக்க மாட்டாரு. எப்படியாவது அவரை முழுசா வீட்டுக்கு அனுப்பிடும்மா."

பெரியவர் ஸ்கேன் படத்தைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்தார். இதைப் போய் வாயு என்று நினைத்தவனை என்னவென்று சொல்வது என்று தலையில் அடித்துக்கொண்டார். நர்ஸ் அக்கா சிரிப்பை அடக்குவதற்காக இருமினார். இருமல் சத்தம் கேட்டதும் மற்றவர்கள் அனிச்சையாக ஓரடி பின்னால் நகர்ந்தார்கள்.

சின்ன டாக்டர் தைரியத்தை வரவழைத்துக்கொண்டு, எவ்வளவு நீளம் கிழிக்கட்டும் என்று கேட்டாள். வழக்கமாக இந்தக் கேள்விக்குத் திட்டுதான் கிடைக்கும். எட்டிப் பார்ப்பதற்கா கிழிக்கிறாய், கஞ்சத்தனம் பண்ணாமல் தாராளமாகக் கிழி என்பார். இன்றைக்கு நியாயம் வேறாக இருந்தது.

"ரொம்பப் பெருசா வேணாம்மா. சின்னதாவே போட்டுப் பாரு."

மயக்க மருந்து டாக்டர் மருந்தை ஊசிக்குழலில் ஏற்றி வைத்துக்கொண்டு, ஆரம்பிக்கலாமா என்று இரண்டாம் முறையாகக் கேட்டார். இருங்கள், என்ன அவசரம் என்று பெரியவர் அவரையும் அடக்கினார். துண்டு மடித்த விதம் சரியில்லை என்றார். உறிஞ்சுகுழாயை ஓடவிட்டுக் காட்டச் சொன்னார். காட்டியதும், இந்தச் சத்தத்தில் யார் பேசுவது யாருக்குக் கேட்கும் என்றார். பிறகு தையல் நூலைப் பார்க்கிறேன் என்று தட்டின் பக்கம் கையை நீட்டினார். சுத்தம் பண்ணி வைத்ததைத் தொடாதீர்கள் என்று நர்ஸ் அக்கா தட்டை அந்தப் பக்கம் இழுத்துக்கொண்டார்.

நீட்டிய கை அப்படியே நின்றது. அப்போதுதான் சின்ன டாக்டர் அந்த விரல்களைப் பார்த்தாள். எத்தனையோ பேரின் வயிற்றுக்குள் நிதானமாகப் போய்வந்த விரல்கள் லேசாக நடுங்கிக்கொண்டிருந்தன. குறை சொல்வதெல்லாம் நேரத்தைத் தள்ளத்தான் என்று அவளுக்குப் புரிந்தது. தன் பயம் எந்த வழியாகப் போனது என்றே அவளுக்குத் தெரியவில்லை.

"சார்" என்றாள். அந்தத் தொனியில் அவரிடம் அங்கே யாரும் பேசியதில்லை.

"பேசினது போதும். மேஜையில ஏறிப் படுங்க."