வாள் மட்டும் மிஞ்சிய சீட்டு

ஒரு டாரட் சீட்டுக்கட்டில் நீதி என்றொரு சீட்டு இருந்தது. அதில் முடிசூடிய அரசி ஒருத்தி வலக்கையில் வாளும் இடக்கையில் தராசுமாக உட்கார்ந்திருந்தாள்.

சீட்டு வைத்துப் பலன் சொல்லும் மேகலா, அந்தச் சீட்டு வரும்போதெல்லாம் தராசின் மேல்தான் விரல் வைப்பாள். "ரெண்டு பக்கமும் எடை போட்டுப் பாருங்கன்னு சொல்லுது," என்பாள். வந்தவர்களும் தராசையே பார்ப்பார்கள். வாளுக்கு வயிறு எரிந்தது.

"நிமிர்ந்து நிற்பது நான். பேர் வாங்குவது நீ," என்றது.

"நான் நிறுத்து முடித்தால்தானே உனக்கு வேலை?" என்றது தராசு.

அந்தப் பதிலை வாளால் தாங்க முடியவில்லை. அரசி அசந்த நேரம் பார்த்துச் சாய்ந்து, தராசின் கயிற்றை அறுத்துவிட்டது. தராசு தட்டுகளோடு அவள் காலடியில் போய் விழுந்தது.

மறுநாள் செண்பகவல்லி என்ற பெண் வந்தாள். "என் தங்கச்சியோட இனிமே பேசறதா வேண்டாமான்னு தெரியலைங்க," என்றாள். நீதிச் சீட்டு வந்தது. அரசியின் இடக்கை வெறுமையாக இருந்ததால், மேகலாவின் விரல் முதன்முறையாக வாளின் மேல் வந்து நின்றது.

"வெட்டி விட்டுடுங்கம்மா," என்றாள்.

செண்பகவல்லி அங்கேயே போனை எடுத்துத் தங்கையின் எண்ணை அழித்தாள். அழுதுகொண்டே எழுந்து போனாள்.

வாள் பெருமையில் மின்னியது. "பார்த்தாயா, இன்றைக்கு என்னைக் கேட்டுத்தான் முடிவு செய்தார்கள்."

கீழே கிடந்த தராசு மெதுவாகக் கேட்டது: "அந்தத் தங்கை என்ன தவறு செய்தாளாம்?"

வாள் யோசித்துப் பார்த்தது. அதை யாருமே கேட்டிருக்கவில்லை.