மூன்றாவது வரிசையில் வெர்லா

“இன்னிக்கு அந்தப் பிரிவுப் பாட்டு வேணாம் மேவிஸ் அக்கா. கோவேறு கழுதைப் பாட்டைச் சொல்லிட்டு இறங்கிடறேன்.”

ஆர்லோ தொப்பியைக் கையில் வைத்துத் திருகிக்கொண்டே கெஞ்சினான். நெவாடாவில் எங்கள் பக்கத்து மாட்டுப் பண்ணைக்காரர்கள் குளிர்காலத்தில் கூடிக் கவிதை சொல்லும் விழா அது. நடத்துகிறவள் மேவிஸ். மேடைக்குப் பின்னால் அவனை மடக்கிப் பிடித்திருந்தாள்.

“கழுதையைக் கேக்கவா இந்தப் பனியில வண்டி ஓட்டிட்டு வந்திருக்காங்க? வருஷா வருஷம் அதைச் சொல்லி ஊரையே அழ வைக்கிற. பொம்பளைங்க பாவம் பாத்து கேக் சுட்டுக் கொண்டாந்து குவிக்கிறாங்க. இப்ப என்னப்பா புதுசா வெக்கம்?”

“வெர்லா வந்திருக்கா. மூணாவது வரிசை.”

மேவிஸ் திரை இடுக்கில் எட்டிப் பார்த்தாள். அவனை விட்டுப் போன மனைவி கம்பளிக் கோட்டைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு, சாவகாசமாக உட்கார்ந்திருந்தாள்.

“நல்லதாப் போச்சு. ‘குதிரைகிட்ட பேசினதுல பாதியாவது என்கிட்ட பேசியிருக்கலாமே’ன்னு ஒரு வரி வருமே, அதை அவ மூஞ்சியைப் பாத்துச் சொல்லு. கல்நெஞ்சுக்காரிக்குக் கொஞ்சம் உறைக்கட்டும்.”

“எனக்குத்தான் உறைக்குது.”

“அட, இன்னும் ஆசை விடலையா உனக்கு? போ, போ.”

மேவிஸ் முதுகில் கைவைத்துத் தள்ளினாள். ஆர்லோ மேடையில் போய் நின்றான். வெர்லா வாயைத் திறந்தால் இத்தனை வருஷமாகச் சேர்த்த பேர் ஒரே நிமிஷத்தில் போய்விடும். பயத்தோடு பார்த்தான். அவள் வாயைத் திறக்கவில்லை. மற்றவர்களைப் போலவே கைதட்டினாள். அதுதான் அவனுக்குத் தாங்கவில்லை.

அடுத்தவர் பாட்டைச் சொன்னால் எழுதியவர் பேரை முதலில் சொல்வது எங்கள் மேடை வழக்கம். இந்தப் பாட்டுக்கு அவன் யார் பேரையும் சொன்னதில்லை.

“எழுதினது வெர்லா,” என்றான் ஆர்லோ. “வீட்டை விட்டுப் போன அன்னிக்கு, எனக்காக ஃப்ரிட்ஜ் கதவுல ஒட்டி வச்சுட்டுப் போனா.”

கேக் கொண்டுவந்திருந்த பெண்கள் திரும்பி அவளைப் பார்த்தார்கள். வெர்லா சிரித்துவிட்டாள்.

“சரி, சொல்லு. உன் வாயில கேக்க நல்லாத்தான் இருக்காம். அன்னிக்கே ஒரு தடவை இப்படி வாய்விட்டுப் பேசியிருந்தா, நான் நம்ம கேட்டைக்கூடத் தாண்டியிருக்க மாட்டேன்.”