கந்தூரிச் சந்தனம்

சந்தனக்கல்லின் முன்னால் கோமளவல்லி உட்கார்ந்திருந்தாள். எதிரே நாற்காலியில் தர்காவைப் பார்த்துக்கொள்ளும் மீரான் சாயபு; கதவை ஒட்டிப் பாயில் அவர் மனைவி ஜமீலா. நடுவே முக்காலியின் மேல், பாடம் எழுதும் இயந்திரம்.

செவ்வாய்க் கிரகத்துப் பள்ளிகளுக்குத் தெற்காசிய மக்களை அறிமுகப்படுத்தும் பாடத்தை அதுதான் எழுதுகிறது. கோமளவல்லியின் மகன் இளம்பரிதி, தகப்பனோடு போய் அங்கே மூன்றாம் வகுப்புப் படிக்கிறான். தன் வீட்டுச் சந்தனத்தைப் பற்றி அவன் பாடத்தில் படிக்கவேண்டும் என்பது அவள் ஆசை.

"தர்காவின் கந்தூரி விழாவுக்குச் சந்தனம் அரைப்பது எந்த மதத்தின் வழக்கம்? ஒன்றை மட்டும் சொல்லுங்கள்," என்றது இயந்திரம்.

"தர்காவுக்குப் போற சந்தனம். அண்ணன் வீட்டு வழக்கம்னு எழுது," என்றாள் கோமளவல்லி.

"அதெப்படி தங்கச்சி?" என்றார் மீரான் சாயபு. "தலைமுறை தலைமுறையா அரைக்கிறது ஒங்க வீட்டுக் கை. அது ஒங்க வழக்கம்."

"இல்லண்ணே, ஒங்களுதுதான்."

"இருவரும் உரிமை கோரவில்லை. பாடத்திலிருந்து நீக்கப்பட்டது," என்றது இயந்திரம்.

"மாத்தி மாத்தி உபசரிச்சே சோத்தை ஆறவச்சிட்டீகளே!" என்று ஜமீலா தலையில் அடித்துக்கொண்டாள்.

கோமளவல்லியின் முகம் வாடிப்போனது. ஆனாலும் எழுந்துபோய்த் தாளெடுத்து, மகனின் ஆசிரியைக்கு எழுதினாள்: "இத்துடன் வரும் சந்தனத்தைக் குழைத்து எல்லாப் பிள்ளைகள் கையிலும் தடவுங்கள். பிறகு, இது எந்த மதம் என்று அவர்களையே முகர்ந்து சொல்லச் சொல்லுங்கள்."

அவள் பெயருக்குப் பக்கத்தில் மீரான் சாயபு தன் பெயரையும் எழுதினார். ஜமீலா சந்தனப் பொட்டலத்தை உள்ளே வைத்து உறையை ஒட்டினாள். மாலை ராக்கெட் தபாலில் அது போய்விட்டது.