மகளுக்கு ஒரு பெட்டி, மருமகளுக்கு ஒரு பெட்டி

அன்று சுடுதளத்தில் இருந்தவர்கள் ஐந்து பேர். மயூரி, அவளுடைய மாமியார் மங்கையற்கரசி, மாமியாரின் மகள் நிலாணி, மயூரியின் அப்பா அன்புராசா, சுடுதளத்துக்குப் பொறுப்பான தியாகலிங்கம்.

சுடப்போகிறவர்கள் இருவர். மாகாணப் போட்டிக்குப் போகும் அணியில் மிச்சமிருந்த இடமோ ஒன்று.

"ஊரில துவக்குச் சத்தம் கேட்டால் பங்கருக்குள்ள குதிச்ச சனம். இஞ்ச சத்தம் கேக்க ஒரு மணித்தியாலம் காரோடி வாறம்," என்றார் அன்புராசா.

ஒருவரும் சிரிக்கவில்லை.

துவக்கு இரண்டும் ஒரே கொம்பனி, ஒரே கடை, ஒரே நாளில் வாங்கியவை. இலக்கம்கூட அடுத்தடுத்து. துவக்கில் போடும் ரவைகளைக் கட்டியவர் மங்கையற்கரசி. மருந்துக் கொம்பனியில் இருபத்திரண்டு வருடம் குளிசை நிறுத்த கை. வோபர்ன் வீட்டின் நிலக்கீழ் பேஸ்மென்றில் வெடிமருந்தை மணி மணியாக நிறுத்து, ஆளுக்கு இருபது ரவை கட்டியிருந்தார். ஆளுக்கொரு பெட்டி. மூடியில் பெயர்.

போட்டிக்கு முன் ஆளுக்கு மூன்று வெடி, சரிபார்க்க. குழலுக்குப் பக்கத்தில் ரவையின் வேகம் காட்டும் கருவி.

நிலாணியின் மூன்றும் நடுவில் விழுந்தன. வேகம், செக்கனுக்கு 2,710 அடி.

மயூரியின் மூன்றும் ஒரு கை அகலம் கீழே. வேகம் 2,668.

"குறி பாக்கிற கண்ணாடியில என்ன அளவு வச்சிருக்கிறீர்?" என்று கேட்டார் தியாகலிங்கம்.

"நிலாணியின்ர அளவுதான் அண்ணை. துவக்கும் ஒண்டு, ரவையும் ஒண்டுதானே."

"ரவை ஒண்டோ?" அன்புராசா குரலைத் தாழ்த்தவில்லை. "மகளின்ர பெட்டிக்கு மருந்து கூட, மருமகளின்ர பெட்டிக்குக் குறைய. உலகம் முழுக்க உதுதானே நடக்குது."

"அப்பா, சும்மா இருங்கோ," என்றாள் மயூரி. ஆனால் அவளுக்கும் அதே நினைப்புத்தான். மூன்று மாதமாக, விமான நிலைய வேலை முடிந்து மிசிசாகாவிலிருந்து நேரே வந்து இரவல் துவக்கில் பழகியவள். இந்த இடம் அவளுக்கு வேண்டும்.

"மாமி, ரெண்டு பெட்டியும் ஒண்டுதானே?"

மங்கையற்கரசி நிமிர்ந்து பார்க்கவில்லை. "உன்ரது உனக்கு, அவளின்ரது அவளுக்கு."

"அப்ப மாத்திச் சுட்டுப் பாப்பம்."

"வேண்டாம் பிள்ளை."

"பாத்தியே!" என்றார் அன்புராசா.

மயூரிக்கு முகம் சிவந்தது. "ஏன் மாமி வேண்டாம்?"

"ஒருத்தியின்ர துவக்குக்குக் கட்டினதை மற்றவ சுடக்கூடாது." மங்கையற்கரசி கண்ணை மூடி ஏதோ கணக்குப் பார்த்தார். பிறகு, "சரி. ரவை கட்டுற புத்தகம் சொன்ன மருந்து எல்லைக்குள்ளதான் இருக்கு. ஆளுக்கு ஒண்டு. ஒண்டே ஒண்டு," என்றார்.

மயூரி நிலாணியின் பெட்டியிலிருந்து ஒன்றை எடுத்துப் போட்டாள். வேகம் கூடும் என்று அவளுக்கு நிச்சயம்.

2,626.

குறைந்துவிட்டது.

நிலாணி மயூரியின் பெட்டியிலிருந்து ஒன்றை எடுத்துச் சுட்டாள்.

2,752.



"அம்மா," என்றாள் நிலாணி, "அண்ணியின்ர பெட்டிக்கோ கூடப் போட்டனீங்கள்?"

தியாகலிங்கம்தான் விளங்கப்படுத்தினார். "துவக்கு ரெண்டும் இரட்டைப்பிள்ளையள் மாதிரி. பார்க்க ஒண்டு, குணம் வேற. தொழிற்சாலையில குழல் துளைக்கிற கருவி தேயத் தேய, அடுத்தடுத்த குழலும் ஒரு மயிரளவு மாறும். ரவை இருக்கிற அறை கொஞ்சம் பெருத்தால் மருந்தின்ர அமுக்கம் குறையும், வேகமும் குறையும். மயூரியின்ரது மெதுவான துவக்கு. மாமி கூடப் போட்டும் எட்டேல்லை."

"நானும் துவக்கைத்தான் சந்தேகப்பட்டனான்," என்றார் அன்புராசா.

நிலாணி வாயைப் பொத்திக்கொண்டாள்.

"மாமி, உங்களுக்கு எப்ப தெரியும்?"

"முதல் நாளே தெரியும். வேகம் பாக்கிற கருவி காட்டினது. நீ பார்க்கேல்லை, துவக்கோட படம் எடுத்துக்கொண்டு நிண்டனி."

"ஏன் சொல்லேல்லை? அப்பா இவ்வளவு கதைக்கேக்கையும் பேசாமல் நிண்டீங்களே."

மங்கையற்கரசி பெட்டியின் மூடியைத் துடைத்தார்.

"முதல் ஓவர்ரைம் காசில நீயாக வாங்கின சாமான் பிள்ளை. எவ்வளவு பெருமையா அந்தப் படத்தை எல்லாருக்கும் அனுப்பினனி. அது குறைஞ்ச சாமான் எண்டு என்ர வாயால எப்பிடிச் சொல்லுறது? புத்தகம் விட்ட மட்டும் மருந்தைக் கூட்டிப் பார்த்தன். அதுக்கு மேல போட்டால் உனக்கு ஆபத்து."

மயூரி நிலாணியின் அளவை அழித்தாள். தன் துவக்குக்கென்று ஒரு அளவு பிடித்து, கண்ணாடியை மூன்று சொடக்கு ஏற்றினாள். படுத்தாள்.

ஆளுக்குப் பத்து வெடி. நிலாணிக்கு 94. மயூரிக்கு 95.

"ஒரு புள்ளி, அண்ணி. அந்த ஒண்டும் அம்மா கட்டினதுதான்," என்று நிலாணி அவளைக் கட்டிக்கொண்டாள்.

தியாகலிங்கம் அணிப் பத்திரத்தை எடுத்தார். "பேர் மயூரி. ரவை ஆர் கட்டினது?"

"என்ர மாமி," என்றாள் மயூரி. சுடுதளத்தின் மறுகரை வரைக்கும் கேட்டிருக்கும்.

"என்ர சம்மந்தி," என்றார் அன்புராசா, அதைவிடச் சத்தமாக.

மங்கையற்கரசி எதுவும் காதில் விழாதவர்போலக் குனிந்து, இரண்டு பெட்டிகளையும் திறந்து விரலால் தொட்டுத் தொட்டு எண்ணினார்.

அந்த இரண்டு பெட்டிகளிலும் சமனாக இருந்தது எண்ணிக்கை ஒன்றுதான். மகளின் பெட்டியில் மீதி ஆறு. மருமகளின் பெட்டியிலும் மீதி ஆறு.