முப்பத்தொரு ஷார்ட்கட்

“எவன் கைய வச்சான் இதுல?”

சித்தப்பா கத்திய கத்தலில் பரணில் இருந்த செம்புக் கம்பிச் சுருள் தானாக இரண்டு சுற்று அவிழ்ந்தது. நேரில் பார்த்தவர்கள் இன்றைக்கும் இருக்கிறார்கள்.

கை வைத்தது எவனும் இல்லை. அவருடைய அண்ணன் மகள்தான். மோட்டாருக்குச் செம்புக் கம்பி சுற்றிக் காயில் கட்டும் அந்தப் பட்டறையில் கம்ப்யூட்டர் அவள் பொறுப்பு.

“நான்தான் சித்தப்பா. ஷார்ட்கட்டெல்லாம் கண்டமேனிக்குக் கெடந்துச்சு. பேர் வரிசைல அடுக்கி வச்சேன்.”

“அடுக்கச் சொன்னேனா உன்ன?”

பதினெட்டு நாளாக மனிதர் இப்படித்தான். அன்றைக்கு வாடிக்கையாளர் நான்கு பேர் முன்னால் ஒரு மோட்டார் புகைந்தது. “என் தம்பி கட்டினது, அதான் பீடி குடிக்குது” என்றார் அவள் அப்பா. நான்கு பேரும் சிரித்து முடிப்பதற்குள் அண்ணனும் தம்பியும் ஜென்மப் பகையாளிகள் ஆகிவிட்டார்கள். அப்பா கருவிப் பையைத் தூக்கிக்கொண்டு போய் எதிர்ச்சாரியில் கடை எடுத்தார்.

சித்தப்பா அதன் பிறகு கட்டிய காயில் ஒவ்வொன்றும் கோபத்தில் அப்படி இறுகியிருந்தது. ஒரு மோட்டார் சுவிட்சு போடாமலே சுற்றியதாகப் பேச்சு.

அவள் மட்டும் இங்கேயே வந்துகொண்டிருந்தாள். தானும் போய்விட்டால் இரண்டு பேரும் ஒட்டவே மாட்டார்கள் என்று அவளுக்குத் தெரியும். தினமும் காலையில் அப்பா கேட்பார், “போர்டுல என் பேரு இருக்கா, அழிச்சுட்டானா?” இருக்குப்பா என்று அவள் சொன்ன பிறகுதான் டீ உள்ளே இறங்கும்.

இன்று பதினோரு மணிக்குப் பெயின்டர் வருகிறார். அந்தப் பெயரை அழிக்க.

அப்பா போன மறுநாளே சித்தப்பா அவளிடம், வெப்சைட்டைத் திரையில் கொண்டுவந்து வைப்பது எப்படி என்று கேட்டார். மவுஸைப் பாம்பைப் பிடிப்பது போல் பிடிக்கிறவர். பக்கத்தைத் திற, மூலையில் மூன்று புள்ளியை அமுக்கு, ஷார்ட்கட் போடு என்று காட்டிக்கொடுத்தாள். கோபம் வேறு பக்கம் திரும்பியதே என்று அவளுக்கு நிம்மதி.

திரும்பியது என்றால் அப்படியொரு திரும்பல். அலை ஏறி இறங்கும் நேரத்துக்கு ஒரு ஷார்ட்கட். கடல் அங்கிருந்து நூறு மைல். குதிரை ஆஸ்பத்திரி ஒன்று. குடை மியூசியம் ஒன்று. இவர் தலைவைத்தும் படுக்காத ஒரு நாட்டின் மழை நிலவரம். மொத்தம் முப்பத்தொன்று, எல்லாம் திரையின் வலப்பக்கம், டப்பாவிலிருந்து நட்டு போல்ட்டைக் கொட்டினது போல.

அதைத்தான் காலையில் அவள் அடுக்கினாள். ஒரே கிளிக். முப்பத்தொன்றும் ஓடிப்போய் இடப்பக்கம் வரிசை கட்டி நின்றன.

சித்தப்பா நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தார். பல்லைக் கடித்துக்கொண்டு ஒவ்வொன்றாகத் திரும்ப வலப்பக்கம் இழுத்தார். வழியில் குதிரை ஆஸ்பத்திரி இரண்டு முறை திறந்துகொண்டது. அதற்கும் திட்டு அவளுக்குத்தான்.

மழை நிலவரம் போய் ஒரு நெற்றியில் உட்கார்ந்தது. அலை நேரம் மீசையில். குடை மியூசியம் சட்டைப் பையில்.

அப்போதுதான் அவள் ஷார்ட்கட்டை விட்டுவிட்டு அதற்குப் பின்னால் இருந்த படத்தைப் பார்த்தாள்.

பட்டறை திறந்த அன்று அவளே எடுத்து, அவளே திரையில் போட்ட படம். இடப்பக்கம் சித்தப்பா, வலப்பக்கம் அப்பா. அவள் அடுக்கிய அடுக்கில் சித்தப்பா காணாமல் போய், அப்பா தன்னந்தனியாகச் சிரித்துக்கொண்டு நின்றிருந்தார்.

“படத்தையே மாத்திடவா சித்தப்பா? ரெண்டு கிளிக்குதான்.”

“படத்துல கை வச்ச, கைய ஒடிச்சிருவேன்.”

வாசலில் பெயின்டர் ஏணியைச் சாத்தினார்.

“ஏணி சரியில்ல. நாளைக்கு வாப்பா” என்றார் சித்தப்பா, திரும்பிப் பார்க்காமலே.

ஏணி புத்தம் புதிது.

முப்பத்தொன்றும் பழைய இடத்துக்குப் போய்ச் சேர்ந்தன. அப்பா முழுக்க மறைந்துவிட்டார், சித்தப்பாவின் தோளில் கிடந்த ஒரு கையைத் தவிர.

“இது தெரியுதே” என்று அவள் விரலால் தொட்டுக் காட்டினாள்.

அவர் அந்தக் கையைக் கொஞ்ச நேரம் முறைத்தார்.

“அதுக்கு மேல போட வெப்சைட்டு இல்ல” என்றார். “தேடிப் பாத்துட்டேன். உலகத்துலயே தீந்துபோச்சு.”