கறிக்கு ஈடு

"இந்த மாசம் நம்ம வீட்டுக் கார்பன் தடம் குறையலேன்னா, பார்பிக்யூ அடுப்பு என் தங்கச்சி வீட்டுக்குப் போயிடும்!" என்று மனைவி டீகன் எச்சரித்திருந்தும், ஞாயிறு மதியம் பிரெண்டன் கொல்லையில் மாட்டிறைச்சியை வாட்டிக்கொண்டிருந்தான்.

"கொழுப்பா உனக்கு?"

"பதறாதே. மாட்டுக்கறியால உண்டாகுற கார்பன் புகைக்கு ஈடு வாங்கியாச்சு. விமானக் கம்பெனிக்காரன் தான் விடுற புகைக்கு ஈடா எங்கேயோ மரம் நடலையா? அதே மாதிரி, எனக்குப் பதிலா பக்கத்து வீட்டுக்குப் புதுசா வந்த லாக்லன் இந்த மாசம் கறி தொடமாட்டான். ஒரு பெட்டி பீர் கொடுத்திருக்கேன்."

டீகன் வேலியருகே போய்க் குரல் கொடுத்தாள். "லாக்லன், கறி இல்லாம கஷ்டமா இருக்கா?"

"என்ன கஷ்டம்? நான் பொறந்ததிலேர்ந்தே சைவமாச்சே!"

பிரெண்டனின் கையிலிருந்த இடுக்கி நழுவி விழுந்தது.

டீகன் கைகொட்டிச் சிரித்தாள். "எப்படியும் திங்காதவன் திங்காம இருந்தா, அது ஈடாகுமா? புகை எங்கே குறைஞ்சுது? அடுப்பைத் தூக்கி வண்டியில வை!"

வேலிக்கு மேல் லாக்லனின் தலை தயக்கத்தோடு எட்டிப் பார்த்தது.

"அப்படீன்னா டீகன், போன வாரம் நீ பாலித் தீவுக்குப் பறந்தப்போ, உனக்குப் பதிலா நான் பறக்காம இருக்கறதுக்குக் கொடுத்தியே, அந்தப் பீரையும் திருப்பித் தரணுமா? எனக்குத்தான் பிளேன்னாலே பயமாச்சே!"

பிரெண்டன் இடுக்கியை எடுத்துத் துடைத்து, இன்னொரு துண்டை நிதானமாக அடுப்பில் போட்டான்.